மூடியைத் திறந்த முதல் மூச்சு

எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். நான்கு பேர் சேர்ந்து நின்றால் என் குரல் எனக்கே கேட்காது. பௌத்தத்தைப் பற்றியோ மனம் எப்படி அறிகிறது என்பதைப் பற்றியோ வாய் திறக்க எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. படித்தவர்கள் இதில் பிழை கண்டால் அது என் பிழை. எனக்குச் சொன்னவருடையது அல்ல.

சொன்னவர் முத்துராஜ் சார். எங்கள் பகுதிப் பால் சங்கங்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர், என்னைவிட வெகு இளையவர். இப்போது வேறு ஊரில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். போன மாதம் போனில், "அந்தத் தின்னர் கதைய நீங்க வாயால சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்க்கா. எழுதியாவது குடுங்க. பிள்ளைங்க கேக்குதுக" என்றார். மறுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கேரள எல்லையோரம் எருத்தேன்பதிப் பக்கத்தில் ஒரு சின்னப் பால் சங்கத்தில் பாலைச் சோதித்து வாங்குகிற வேலை எனக்கு. கல்யாணமான புதிதில், அங்கே முன்பு இருந்த அம்மாவுக்கு உதவியாகப் போனேன். கேன் கழுவினேன், வடிதுணி அலசினேன், கொழுப்புப் பார்க்கிற கண்ணாடிக் குழாய்களைக் கை மிஷினில் வைத்துச் சுற்றப் பழகினேன். அந்த அம்மா நின்றபோது வேலை எனக்கு வந்தது. வயது முடியும் வரை இருந்திருப்பேன். ஒரு காய்ச்சல் வந்து போனபிறகு மூக்குக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. திரும்பி வரும் என்றார்கள், வரவில்லை. மூக்கு இல்லாமல் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன் நிற்கக் கூடாது என்பதற்கு வேலையைச் சொல்ல வேண்டும்.

கறந்த சூட்டோடு பால் வரும். மூடியைத் திறந்ததும் அந்தச் சூட்டில் வாசம் மேலே எழும். இடது கையால் மூடியை உங்கள் பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். மூடியின் அடிப்பக்கத்தில்தான் வாசம் தங்கியிருக்கும். முகத்தைக் கொண்டுபோய் ஒரே ஒரு மூச்சு. பிறகு முகத்தைத் திருப்பி வெளியே விட வேண்டும், கேனுக்குள் அல்ல. அந்த ஒரு மூச்சுதான் கணக்கு. இரண்டாம் முறை குனிந்தால் மூக்கு அந்த வாசத்துக்குப் பழகிப்போயிருக்கும். அதற்கப்புறம்தான் கரண்டி, வடிகட்டி, மிஷின் எல்லாம். மிஷின் கொழுப்பைச் சொல்லும், தண்ணீர் சேர்த்திருந்தால் சொல்லும், குறை சொல்லவில்லை. முகர்வது மட்டும் இன்றைக்கும் ஆள்தான். பால் நன்றாக இருந்தால் கூலர் என்கிற பெரிய குளிர்தொட்டியில் ஊற்றுவோம். ஊற்றினால் ஊற்றியதுதான். ஒரு வீட்டுப் பாலை ஊர்ப் பாலிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

முத்துராஜ் சார் வந்த முதல் வாரம், ஒரு மூலையில் கவிழ்த்துப் போட்ட கேன்மேல் உட்கார்ந்து காலைக் கொள்முதல் முழுக்க என்னையே பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகு அருகில் வந்தார்.

"அக்கா, கேனைத் திறக்கிறதுக்கு முன்னாலயே ஆளைப் பாத்துடுறீங்க. செக்ரட்டரி அண்ணன் பாலுக்குச் சும்மா பேருக்கு ஒரு மூச்சு. அந்தக் கடைசில நின்னாரே, அவரு கேனுக்குள்ள தலையே போயிருச்சு."

மறுநாள் பால் வாங்குகிற மேடைக்கு நடுவே சாக்குத் துணியில் ஒரு திரை தொங்கியது. கேன் மட்டும் திரைக்கு அடியில் உள்ளே வரும். ஆள் யார் என்று முகர்ந்த பிறகுதான் நான் கேட்க வேண்டும். வரிசையில் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங், இது சங்கமுங்களா, கல்யாண ஊடுங்களா? பொண்ணத் தெரைக்குள்ள வெச்சிருக்கறீங்க?" என்றார் ஒருவர்.

"பொண்ணு மொகத்த வேண்டாம்னுட்டாங்களாம். மூக்கு மட்டும் போதுமாம்" என்றார் டீக்கடை அனிபா அண்ணன்.

திரை பாதிதான் உதவியது. எந்தக் கேனில் எங்கே நெளிசல் என்று எனக்கு மனப்பாடம். கனகத்தின் கேன் கழுத்தில் ஒரு பச்சைப் பெயின்ட் துளி இருக்கும். அவள் வீட்டுக்காரர் சிவராசு பெயின்டர். அதைச் சொன்னதும் சார், "அப்பக் கண்ணை மூடிக்குங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்ணை மூடினேன்.

முத்துராஜ் சார் சின்னக்கானல் எஸ்டேட்டில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போது பௌத்தத்துக்குப் போனாராம். கொள்முதல் முடிந்து கருவிகளைக் கழுவுகிற நேரத்தில் அவரும் கழுவிக்கொண்டே பேசுவார். செக்ரட்டரி ஆறுச்சாமி அண்ணனுக்கு அது பிடிக்காது. "கும்புடறதுக்குச் சாமி இல்லாம அதென்னுங்க ஒரு மதம்?" என்பார். சார் சிரித்துக்கொள்வார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கண்ணோ மூக்கோ ஒன்றைத் தொடுகிற முதல் கணத்தில் பெயர் கிடையாது. நீலத்தைக் கண் பார்க்கும். 'இது நீலம்' என்று அந்தக் கணத்தில் இராது. 'இது நீலம்' என்பது அடுத்த கணத்தில் மனம் சேர்ப்பது. பெயர், இனம், முன்பு பார்த்ததன் ஞாபகம், இவற்றைச் சேர்ப்பதைத்தான் பழைய பௌத்தர்கள் கற்பனை என்றார்களாம். கற்பனை சேராத அந்த முதல் அறிவை மட்டுமே நேரில் கண்டது என்று ஒப்புக்கொள்வார்களாம். தவறு வருவது சேர்க்கிற இடத்தில். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, புலன் பழுதில்லாமல் இருக்க வேண்டும். காமாலைக் கண்ணுக்கு முதல் கணமே மஞ்சள்தான்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "கன்னுக்குட்டிக்கு ஒரு பேரும் தெரியாதுங்களே சார். அது மடியத் தேடிப் போகுதுங்களே?"

சார் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டார். "இதையே அந்தப் பழைய பௌத்தர்களும் கேட்டிருக்காங்கக்கா. முந்தி குடிச்சது இதுதான்னு அது சேக்குதுல்ல? அதுவும் பேருதான். வார்த்தை இல்லாத பேரு."

"அப்ப முதல் மூச்சுல மட்டும் நின்னா, பால வாங்கறதா வேண்டாமான்னு எப்புடித் தெரியும்?"

"நிக்க முடியாது. பேரு வந்தே தீரும். அது மூச்சுக்குப் பின்னால வரணும், முன்னால ஓடக் கூடாது. அவ்வளவுதான் நம்ம வேலை."

இது சுலபம் என்று அப்போது நினைத்தேன்.

ஓணத்துக்கு முந்தைய வாரம். அந்தச் சமயத்தில் எல்லையில் பாலுக்குச் சோதனை கடுமையாக இருக்கும். எங்கேயோ ஒரு லாரிப் பாலைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பேச்சு பரவி, எந்தச் சங்கத்தைப் பார்த்தாலும் கலப்படம் கலப்படம் என்று ஒரே பயம். ஆறுச்சாமி அண்ணன் காலையிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டேங்கர் வண்டி வழக்கத்தைவிட முன்னாலேயே வரும் என்று தகவல்.

கண்ணை மூடி ஒரு கேனின் மூடியைச் சாய்த்தேன்.

என்ன வந்தது என்று இன்றைக்கும் எழுத வரவில்லை. நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறியது. மூடி பிடித்திருந்த கை, நான் சொல்லாமலே பின்னால் போனது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தேன். கழுத்தில் பச்சைத் துளி.

நான் மூடியை வைத்துவிட்டுச் சும்மா நின்றதைப் பார்த்து ஆறுச்சாமி அண்ணன் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"தின்னரு!" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "பெயின்டுக்குக் கலக்கற தின்னரு அடிக்குது!"

திரை விலகியது. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். அனிபா அண்ணன்கூட, "ஆமா, ஆணி அடிச்ச மாதிரி மூக்குல ஏறுது" என்றார். சிலர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. பெயின்டர் வீட்டுக் கேன், தின்னர் வாசம். இதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்?

கனகம் திரைக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினாள். "கேனு தேச்சுக் கழுவி வெயில்ல வெச்சதுங்! என்ற ஊட்டுக்காரரு வேலக் கேனையும் இதையும் ஒண்ணாத் தொடறதே இல்லீங்!"

"பாலு ஜாஸ்தி காட்டறதுக்கு என்னென்னமோ ஊத்தறாங்கன்னு டிவில சொல்றானே. நாளைக்கு நம்ம சங்கத்துப் பாலத் திருப்பி உட்டா, ஊரே பதில் சொல்லோணுமா?" என்றார் ஆறுச்சாமி அண்ணன். "கமிட்டியக் கூப்புட்டு இவங்கள நீக்கறதுதான் சரி. போலீசுக்கும் சொல்லோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சரசு. தின்னர்தானே?"

கனகமும் நானும் ஒரே வீதிக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். என் மகளுக்கு அவள்தான் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவாள், நான் சங்கத்தில் நிற்கும்போது. திரை நீங்கிய இடத்தில் அவள் என் வாயையே பார்த்தாள். மெல்ல, எனக்கு மட்டும் சொல்வதுபோல, "இல்லைன்னு சொல்லு சரசு" என்றாள்.

மறுபடி குனிந்தேன். இப்போது தின்னர்தான் வந்தது. அந்தச் சொல் காதில் விழுந்தபிறகு என் மூக்குக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. எவ்வளவு முயன்றாலும் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் சிவராசுவின் சட்டையும்தான் கண்முன் வந்தன. அதற்கு முன்னால் வந்த ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று?

"தெரியலீங்" என்றேன்.

"தெரியலையா? தெரியலைன்னு சொல்றதுக்கா உன்னைய இங்க நிறுத்தியிருக்குது?"

கனகத்தின் முகம் அப்படியே இறுகிப்போனது. அவள் கேட்டது ஒரு வார்த்தை. என்னிடம் அது இல்லை.

அதற்குள் யாரோ போன் செய்து முத்துராஜ் சார் பைக்கில் வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக் கேன் அருகே வந்தார். கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு எடுத்தார். முகத்தைத் திருப்பி விட்டார். எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றார்.

"அப்ப நாங்கெல்லாம் பொய்யி சொல்றமுங்களா?" ஆறுச்சாமி அண்ணனுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"இல்லண்ணே. உங்களுக்கு வந்திருக்கு, எனக்கு வரல. ரெண்டும் உண்மைதான்." என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அவங்க தின்னர்னு சொல்றதுக்கு முன்னால என்ன வந்துச்சு? பேரு வேண்டாம்."

அத்தனை பேர் முன்னால் பேச வேண்டியிருந்தது. "நாக்கு அடியில தண்ணி ஊறுச்சுங்க. கை பின்னால போச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மாங்கா தின்ன மாதிரியா?"

சார் சிரிக்கவில்லை. அவருக்கு இக்கட்டுதான். அவர் மூக்கில் ஒன்றும் இல்லை. என் மூக்கில் இருந்ததை என்னாலேயே கொடுக்க முடியவில்லை. கைமாற்ற முடிந்தது 'தின்னர்' என்ற பெயர் ஒன்றுதான், அது எல்லார் கையிலும் இருந்தது. பேர் இல்லாததைப் பிறருக்குச் சொல்ல முடியாது என்று அவர் முன்பு சொன்னபோது அது ஏதோ பெரியவர்கள் விஷயம் என்று விட்டிருந்தேன்.

"இந்தப் பாலை ஊத்த வேண்டாம், தனியா வைங்க" என்றார் கடைசியில். "சங்கத்துக் கேன் ஒண்ணு எடுங்க, சுத்தமா. இப்பவே அவங்க வீட்டுல போய்க் கறந்து பாப்போம்."

மிச்சக் கேன்களை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு நானும் போனேன். பாதி வரிசை பின்னாலேயே வந்தது.

கனகத்தின் மாட்டுக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால். ஈன்று சில வாரமே ஆன கறவை மாடு, வாசல்பக்கம் முதுகைக் காட்டி நின்றது. நுழைந்ததும் ஆறுச்சாமி அண்ணன், "பாத்தீங்களா!" என்று கத்தினார். கொட்டகை மூலையில், பிரஷ்களோடு ஒரு தின்னர் டின் இருந்தது.

சிவராசு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். "அது அங்க எப்பவும் இருக்கறதுதானுங்களே. அதுல போய் நானு..." கனகம் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் வெளுத்திருந்தது.

ஆறுச்சாமி அண்ணன் டின்னைத் தூக்கி மூடியைத் திருகி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா, மோந்து பாரு. இதானே அது?"

நான் தயாராகக்கூட இல்லை. மூச்சு தானாக உள்ளே போனது. தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. நாக்கு வறண்டுவிட்டது.

வறண்டுவிட்டது. காலையில் ஊறியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான், ஆனால் வந்தது வேறு வேறு. இதை வெளியே சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எரிச்சல் தாங்காமல் பின்னால் நகர்ந்து மாட்டின் தலைப்பக்கம் போய்க் குனிந்து இருமினேன்.

அப்போது மாடு என் கழுத்தில் மூச்சு விட்டது.

நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறியது. கழுத்தைத் துடைக்கப் போன கை பின்னால் வந்தது. பாலும் இல்லை, கேனும் இல்லை. யாரும் எந்தப் பெயரும் சொல்லியிருக்கவில்லை.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கேனுல இல்லீங் சார். மாட்டுல இருக்குது. அதோட மூச்சுல வருது."

சார் மாட்டின் முகத்தருகே போனார். அவருக்கு மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தொட்டியை எட்டிப் பார்த்தார். முதல்நாள் வைத்த புண்ணாக்கும் தவிடும் அப்படியே கிடந்தன. "எப்ப இருந்து தீனி எடுக்கல?" என்று கேட்டார்.

கனகம் அப்போதுதான் வாய் திறந்தாள். "ரெண்டு நாளா மோந்துட்டு மோந்துட்டுப் போயிருதுங். பாலும் கொறைஞ்சு போச்சு. சூட்டுனால இருக்கும்னு உட்டுட்டேன்."

மிருகாசுபத்திரிக்குப் போன் போட்டுவிட்டு டாக்டருக்காகக் காத்திருந்தோம். ஆறுச்சாமி அண்ணன், "மாட்டு வாயில தின்னரு வாசம் எப்புடீங்க வரும்? அதுக்கும் இவன் ஊத்தியிருப்பான்" என்று முணுமுணுத்தார். டின்னை அவர் கீழே வைக்கவில்லை. மாடு நின்ற இடத்திலேயே ஒருமுறை தள்ளாடியது. சிவராசு அதன் திமிலைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் மலையாளி. வந்ததும் மாட்டைச் சுற்றி வந்து, அதன் மூத்திரத்தைப் பிடித்து ஏதோ தூள் போட்டார். வெள்ளைத் தூள் ஊதா நிறமானது. "கீட்டோசிஸ்" என்றார். ஈன்ற புதிதில் பாலுக்குச் செலவாகிற அளவுக்குத் தீனி எடுக்காவிட்டால், மாடு தன் உடம்புக் கொழுப்பையே கரைக்குமாம். அதிலிருந்து வருகிற அசிட்டோன், தின்னரிலும் சேர்க்கிற ஒன்று, ரத்தத்தில் ஏறி மூச்சிலும் பாலிலும் வாசம் அடிக்குமாம். சில பேர் மூக்குக்கு அது தெரியவே தெரியாதாம். "பேடிக்கண்டா சேச்சி", பயப்பட வேண்டாம் என்று கனகத்திடம் சொல்லிக்கொண்டே கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் விட்டிருந்தால் விழுந்திருக்கும், விழுந்தால் எழுப்புவது கஷ்டம் என்றும் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. ஆறுச்சாமி அண்ணன் டின் மூடியைத் திருகி இருந்த இடத்திலேயே வைத்தார். "சங்கத்துக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னுதான்" என்றார் சிவராசுவிடம். சிவராசு தலையாட்டினார். அவருக்கு அந்தப் பெயர் போகவேயில்லை. ஊரில் இன்றைக்கும் 'தின்னர் சிவராசு' என்றால்தான் தெரியும். நடந்தது தெரியாத இளவட்டங்கள், அவர் தொழிலை வைத்து வந்த பெயர் என்று நினைக்கிறார்கள்.

நான் சங்கத்துக்குத் திரும்பும்போது கனகம் கொட்டகை வாசல்வரை வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அத்தன பேரு முன்னால ஒரு வார்த்த இல்லைன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன சரசு கொறைஞ்சிருக்கும்?" என்றாள்.

"எனக்கு அப்பத் தெரியல கனகம்."

"என்னையத் தெரியாதா?"

நான் சங்கத்தைப் பார்க்க நடந்தேன். முத்துராஜ் சார் பைக்கை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் என்னோடு நடந்து வந்தார். வகுப்பில் உட்காருகிறவர்கள் இதைப் படித்தால், முதல் மூச்சை நம்புவதில் இந்தச் சங்கடமும் சேர்ந்தே வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளைத் தெரிந்துவைத்திருப்பதுதான் நமக்கு அன்பு. கண்ணை மூடுகிற அந்த நேரத்தில் அதையும் வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் கனகம் பால் கொண்டுவந்தாள். மாடு இரவு கொஞ்சம் வைக்கோல் தின்றதாகப் பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள். கண்ணை மூடி மூடியைச் சாய்த்தேன். நாக்குக்கு அடியில் இலேசாக ஊறியது. மூடியைப் போட்டு, கேனைத் திரைக்கு அடியில் திருப்பித் தள்ளினேன். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.